எடை குறைப்பதில் சாப்பாட்டின் வேலை வேறு, உடற்பயிற்சியின் வேலை வேறு

"வெயிட் குறையணுமா? எண்பது சதவீதம் சாப்பாடு, இருபது சதவீதம் எக்சர்சைஸ், அவ்வளவுதான்" என்று யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். சிலர் எழுபது, முப்பது என்பார்கள். எதனுடைய சதவீதம் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. செலவான கலோரியிலா, குறைந்த கிலோவிலா, பட்ட பாட்டிலா? திருப்பிக் கேட்டால் முழிப்பார்கள்.

எனக்குத் தெரிந்த ஒருவர் ஆறு மாதம் தினமும் காலையில் நடந்தார், மழை பெய்தாலும் குடை பிடித்துக்கொண்டு நடந்தார், எடை ஒரே ஒரு கிலோதான் இறங்கியது. இன்னொருவர் ஓர் அடிகூடக் கூடுதலாக நடக்கவில்லை, சாப்பாட்டைப் பாதியாக வெட்டினார், மூன்று மாதத்தில் 9 கிலோ போனது, அடுத்த வருடத்துக்குள் 10 கிலோவாகத் திரும்பி வந்தது. முதலாமவர் "உடற்பயிற்சி எல்லாம் சும்மா" என்கிறார். இரண்டாமவர் "டயட் எல்லாம் ஏமாற்று" என்கிறார். இரண்டு பேரும் உழைத்தவர்கள்தான், இரண்டு பேருக்கும் நடந்தது உண்மைதான். அதிலிருந்து அவர்கள் எடுத்த முடிவுதான் தப்பு.

சாப்பாடும் உடற்பயிற்சியும் ஒரே வேலையைப் பங்கு போட்டுக்கொள்கிற இரண்டு ஆட்கள் என்று நினைப்பதால் வருகிற குழப்பம் இது. எடை இறங்குமா இறங்காதா என்பதைப் பெரும்பாலும் சாப்பாடு தீர்மானிக்கிறது. இறங்குவது கொழுப்பா தசையா, இறங்கியது அங்கேயே நிற்குமா என்பதில் உடற்பயிற்சியின் கை ஓங்கியிருக்கிறது. ஏன் அப்படி என்பதை அடியிலிருந்து பார்ப்போம்.

## விறகும் அடுப்பும்

மரத்தாலான ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஓர் அடுப்பு, அது ஒரு நொடிகூட அணையக் கூடாது. தினமும் வாசலில் விறகு வந்து இறங்குகிறது. எரிந்தது போக மிஞ்சினால் கொல்லைப்புறத்தில் அடுக்கிவிடுவார்கள். வரத்து குறைந்தால் கொல்லையிலிருந்து எடுத்து எரிப்பார்கள். உடம்புதான் அந்த வீடு. சாப்பாடு அன்றாடம் வரும் விறகு, உடம்புக் கொழுப்பு கொல்லையில் கிடக்கும் அடுக்கு.

இந்த விறகை அளக்கும் அளவுதான் கலோரி. ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி செல்சியஸ் சூடேற்ற எவ்வளவு வெப்பம் வேண்டுமோ, அது ஒரு கலோரி. (அறிவியல்காரர்கள் இதைக் கிலோகலோரி என்பார்கள், பேச்சு வழக்கில் 'கிலோ' உதிர்ந்துவிட்டது. இங்கே கலோரி என்று வருவதெல்லாம் அதுதான்.) ஒரு கிராம் மாவுச்சத்தில் 4 கலோரி, ஒரு கிராம் புரதத்திலும் 4, ஆல்கஹாலில் 7, கொழுப்பில் 9. மிச்சத்தைக் கொழுப்பாகச் சேர்த்து வைப்பதில் உடம்புக்கு இருக்கும் வசதி இந்த 9இல் இருக்கிறது. குறைந்த இடத்தில் நிறைய அடுக்கலாம்.

வருகிற விறகு, எரிகிற விறகைவிடக் குறைவாக இருக்கும் நிலைக்குக் கலோரி பற்றாக்குறை என்று பெயர். எந்தப் பெயரில் எந்த டயட் வந்தாலும், கொல்லை அடுக்கு குறைய வேண்டுமென்றால் இந்தப் பற்றாக்குறை எங்கேயாவது ஒளிந்திருந்தே ஆக வேண்டும். காலை உணவை விடுவது, மாவுச்சத்தை ஒதுக்குவது, எட்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டு முடிப்பது, எல்லாமே அதற்குப் போகிற வெவ்வேறு வழிகள்தான்.

அப்புறம், எரிந்த கொழுப்பு எங்கே போகிறது? வியர்வையில் உருகிப் போகிறது என்று நம்பி, உடம்பில் பிளாஸ்டிக் உறையைச் சுற்றிக்கொண்டு ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். வியர்வையில் போவது தண்ணீர், ஒரு சொம்பு குடித்தால் திரும்பிவிடும். 2014இல் ரூபன் மீர்மன், ஆண்ட்ரூ பிரவுன் என்ற இருவர் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்றில் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினார்கள். 10 கிலோ கொழுப்பு முழுவதும் எரிந்தால் அதில் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூச்சுவழி வெளியேறுகிறது, மீதி 1.6 கிலோ தண்ணீராகிறது. விறகு புகையாகப் போவதுபோலத்தான். இதைப் படித்துவிட்டு வேகவேகமாக மூச்சு விட்டால் எடை குறையாது, தலைதான் சுற்றும். எரிந்தால்தான் புகை.

வயிற்றுப் பயிற்சி செய்தால் வயிற்றுக் கொழுப்பு கரையும் என்பதும் இதே வகை நம்பிக்கை. வயிற்றுத் தசைக்கு வேலை கொடுத்தால் அந்தத் தசை வலுக்கும். கொழுப்போ உடம்பு முழுவதிலிருந்தும் எடுக்கப்பட்டு ரத்தத்தில் கலந்து வருகிறது, எந்த மூலையில் முதலில் குறையும் என்பதைப் பரம்பரையும் ஆணா பெண்ணா என்பதும் வயதும் தீர்மானிக்கின்றன. நம்மிடம் யாரும் கேட்பதில்லை.

## அடுப்பு ஒரு நாளில் எவ்வளவு எரிக்கிறது

நாள் முழுவதும் அசையாமல் படுத்திருந்தாலும் இதயம் துடிக்கிறது, மூளை ஓடுகிறது, கல்லீரலும் சிறுநீரகமும் வேலை செய்கின்றன, உடம்புச் சூடு தணியாமல் இருக்கிறது. இந்தக் குறைந்தபட்சச் செலவுக்கு அடிப்படை வளர்சிதை மாற்றம் என்று பெயர். பெரும்பாலானவர்களுக்கு ஒரு நாளின் மொத்தச் செலவில் 60 முதல் 70 சதவீதம் இதற்கே போய்விடும். சாப்பிட்டதைச் செரிக்க ஏறக்குறைய 10 சதவீதம். மிஞ்சுவதுதான் அசைவுக்கு. அதில் ஜிம் மட்டும் இல்லை, மாடி ஏறுவது, பாத்திரம் கழுவுவது, நின்றுகொண்டு போன் பேசுவது எல்லாம் வந்துவிடும்.

70 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு நாளைக்கு 2,100 கலோரி எரிப்பதாக வைத்துக்கொள்வோம். அடிப்படைச் செலவு 1,400, செரிமானம் 210. மீதி 490, அன்றைய எல்லா அசைவுக்கும் சேர்த்து. இவர் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் அரை மணி நேரம் நடந்தால் சுமார் 120 கலோரி செலவாகும். அதிலும் அந்த அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாலே 35 கலோரி எரிந்திருக்கும், ஆக நடையால் கூடுதலாக எரிந்தது 85தான்.

இப்போது சமையலறைக்குப் போவோம். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், அதாவது 15 மில்லி, கிட்டத்தட்ட 120 கலோரி. சட்டியில் அதைச் சாய்க்க இரண்டு விநாடி போதும். குடை பிடித்துக்கொண்டு நடந்தவரின் கதை எங்கே கவிழ்ந்தது என்று இப்போது தெரிந்திருக்கும். நடந்துவிட்டு வந்த பசியில், "இன்றைக்குத்தான் நடந்தாயிற்றே" என்ற தெம்பில், கூடுதலாகப் போன ஒரு கரண்டியோ இரண்டு பிஸ்கட்டோ போதும், காலை நேரத்து உழைப்பு கணக்கிலிருந்து அழிந்துவிடும்.

இதோடு இன்னொரு சிக்கலும் உண்டு. ஹெர்மன் பான்ட்ஸர் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவும் தான்சானியாவில் வேட்டையாடியும் காய்கனி சேகரித்தும் வாழும் ஹாட்சா மக்களின் அன்றாடக் கலோரிச் செலவை அளந்து 2012இல் வெளியிட்டார்கள். நாளெல்லாம் நடக்கிற அவர்களுடைய மொத்தச் செலவு, உடம்பின் அளவைக் கழித்துப் பார்த்தால், நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்யும் அமெரிக்க, ஐரோப்பிய மக்களுடைய செலவையே ஒட்டி இருந்தது. அசைவுக்கு அதிகம் போனால் உடம்பு வேறு இடங்களில் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கிறது என்பது பான்ட்ஸரின் விளக்கம். ஆளுக்கு ஆள் இது மாறும். ஆனாலும் "ஓடிய கலோரி அப்படியே முழுசாகக் கழியும்" என்று கணக்குப் போடக் கூடாது என்பதற்கு இது போதும். ஓட்ட மெஷின் திரையில் 400 கலோரி என்று காட்டுகிறது என்பதற்காக 400 கலோரிக்குச் சாப்பிடுகிறவர்கள் இதை இரண்டு தடவை படிக்கவும்.

இதுவரை பார்த்தது: கொல்லை அடுக்கு குறைய வரத்து குறைய வேண்டும், அல்லது எரிப்பு கூட வேண்டும். எரிப்பைக் கூட்டுவது மெதுவான வேலை, உடம்பு அதில் கொஞ்சம் பிடித்தும் வைத்துக்கொள்ளும். வரத்தைக் குறைப்பது கையில் இருக்கிற பெரிய நெம்புகோல்.

## "நான் சாப்பிடுவதே கொஞ்சம்தான்"

வரத்தைக் குறைக்கலாம் என்று உட்கார்ந்தால் முதல் தடை இது. இதைச் சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை, மனக்கணக்குதான் பொய் சொல்கிறது.

1992இல் வெளியான ஓர் ஆய்வில், தினமும் 1,200 கலோரிக்குக் கீழேதான் சாப்பிடுகிறோம், ஆனாலும் எடை இறங்கவில்லை என்று சொன்ன பத்துப் பேரை எடுத்து அளந்தார்கள். அவர்களுடைய வளர்சிதை மாற்றம் சராசரியாகத்தான் இருந்தது. சாப்பிட்டதைச் சராசரியாக 47 சதவீதம் குறைத்துச் சொல்லியிருந்தார்கள், செய்த உடலுழைப்பை 51 சதவீதம் கூட்டிச் சொல்லியிருந்தார்கள். ருசி பார்க்க வாயில் போட்டது, குழந்தை மிச்சம் வைத்தது, குடித்த பானத்தில் இருந்த சர்க்கரை, இதெல்லாம் யாருடைய நினைவிலும் 'சாப்பாடு' என்று பதிவதில்லை.

அதனால் எதையும் மாற்றாமல் ஒரு வாரம், வாயில் போகிறதையெல்லாம் எழுதி வைத்துப் பாருங்கள் என்பேன். எண்ணெயைக் கரண்டியால் அளந்து ஊற்றுங்கள். வாழ்நாள் முழுக்க இப்படி அளக்க வேண்டியதில்லை, ஒரு வாரம் கண்ணுக்கு ஒரு பழக்கம் வந்தால் போதும்.

## எடை மெஷின் கொழுப்பை அளப்பதில்லை

இந்தப் பகுதிதான் முக்கியம். "எடை குறைந்தது" என்றால் உடம்பில் எது குறைந்தது? தண்ணீரா, கொழுப்பா, தசையா? எடை மெஷினுக்கு மூன்றும் ஒன்றுதான்.

முதலில் தண்ணீர். நாம் சாப்பிடும் மாவுச்சத்தில் ஒரு பகுதியைக் கல்லீரலும் தசைகளும் உடனடித் தேவைக்கென்று சேர்த்து வைக்கின்றன, அந்தச் சேமிப்புக்குக் கிளைகோஜன் என்று பெயர். கொல்லை அடுக்கு இருந்தாலும் அடுப்புப் பக்கத்தில் கைக்கு எட்டுகிற மாதிரி நான்கு கட்டை வைத்திருப்போமே, அதுதான். ஒருவர் உடம்பில் இது ஏறக்குறைய அரை கிலோ இருக்கும். ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் சுமார் 3 கிராம் தண்ணீரைத் தன்னோடு பிடித்து வைத்திருக்கிறது. சாப்பாட்டைத் திடீரென்று குறைத்தால், அதிலும் மாவுச்சத்தை ஒதுக்கினால், முதலில் காலியாவது இது. கூடவே தண்ணீரும் போகிறது. "முதல் வாரத்திலேயே இரண்டு கிலோ!" என்று விளம்பரங்கள் கூவுவதற்கு இதுதான் அடிப்படை. வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பிய இரண்டு மூன்று நாளில் அந்த எடை திரும்பி வந்து உட்காரும். போனதும் கொழுப்பு இல்லை, வந்ததும் கொழுப்பு இல்லை.

அடுத்தது தசை. நம் மரவீட்டில் வரத்து குறைந்தால் கொல்லை விறகை மட்டும்தான் எடுக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. உள்ளே மர நாற்காலிகள் இருக்கின்றன, மேசை இருக்கிறது, அதுவும் மரம்தானே. யாரும் உட்காராத நாற்காலி ஒன்று மூலையில் கிடந்தால் அதை உடைத்து அடுப்பில் வைக்க உடம்புக்குத் தயக்கமே கிடையாது. சாப்பாட்டை மட்டும் குறைத்து, உடம்புக்கு எந்த வேலையும் கொடுக்காமல் எடை குறைப்பவர்களுக்கு, போகிற எடையில் கிட்டத்தட்ட கால் பங்கு தசை முதலான கொழுப்பல்லாத பகுதியிலிருந்து போகிறது. 10 கிலோ குறைந்தால் இரண்டரைக் கிலோ நாற்காலி எரிந்துவிட்டது என்று அர்த்தம்.

தினமும் உட்காருகிற நாற்காலியை யாரும் உடைக்க மாட்டார்கள். உடற்பயிற்சி, குறிப்பாகத் தசைக்குப் பளு கொடுக்கிற பயிற்சி, இதைத்தான் செய்கிறது: "இது புழக்கத்தில் இருக்கிறது, கை வைக்காதே" என்று உடம்புக்குச் சொல்கிறது. எடை தூக்குவது மட்டுமே பளுப் பயிற்சி இல்லை, நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து எழுந்து உட்காருவதும், சுவரில் கை வைத்துத் தள்ளுவதும் அதேதான். தொடங்குகிறவருக்கு அது போதும். கூடவே பழுது பார்க்க மரம் வேண்டும், அது புரதம். எடை குறைக்கும் காலத்தில் உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் புரதம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் இந்த எண்ணைத் தாங்களாகப் பிடித்துக்கொள்ளாமல் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

இரண்டாமவருக்கு நேர்ந்தது இப்போது புரிகிறதா? 9 கிலோ போனபோது அதில் தசையும் சேர்ந்து போனது. திரும்பி வரும்போது தசை தானாக வராது, அதற்கு வேலை கொடுத்தால்தான் வரும். அவர் வேலை கொடுக்கவில்லை, ஆகவே வந்ததில் பெரும்பகுதி கொழுப்பு. மெஷினில் முன்னைவிட ஒரு கிலோதான் கூட, உடம்போ முன்னைவிட நன்றாகவே மோசம்.

இங்கே ஒரு மிகையையும் களைந்துவிடுகிறேன். "தசை கூடினால் தூங்கும்போதும் கொழுப்பு எரியும்" என்று ஜிம் வட்டாரத்தில் சொல்வார்கள். ஒரு கிலோ தசை சும்மா இருக்கும்போது ஒரு நாளைக்கு எரிப்பது சுமார் 13 கலோரி. ஒரு கிலோ கொழுப்பு 4 அல்லது 5. கஷ்டப்பட்டு இரண்டு கிலோ தசை ஏற்றினாலும் கிடைப்பது ஒரு கடி பழத்தின் கணக்குதான். தசையைக் காப்பாற்றச் சொல்வதற்குக் காரணம் வேறு. சாப்பிட்ட பின் ரத்தத்தில் ஏறுகிற சர்க்கரையைப் பெருமளவு உறிஞ்சிக்கொள்வது தசை. வயதான காலத்தில் கீழே விழாமல் இருக்க உதவுவதும், விழுந்தால் எழ உதவுவதும் தசை.

சுருக்கமாக: பற்றாக்குறையைச் சாப்பாடு உண்டாக்குகிறது. அந்தப் பற்றாக்குறையை எந்த மரத்தை எரித்து ஈடுகட்டுவது என்பதில் உடற்பயிற்சியும் புரதமும் குறுக்கே வந்து பேசுகின்றன.

## உடம்பு சிக்கனமாகிற கட்டம்

மூன்று நான்கு மாதம் நன்றாக இறங்கிக்கொண்டிருந்த எடை திடீரென்று நின்றுவிடும். பலரும் விட்டுவிடுகிற இடம் இது. நடப்பது மர்மம் எதுவும் இல்லை.

முதல் காரணம் எளியது, சின்ன வீட்டுக்குச் சின்ன அடுப்பு போதும். 90 கிலோ உடம்பைச் சுமந்துகொண்டு நடப்பதற்கும் 78 கிலோவைச் சுமப்பதற்கும் செலவு வேறு. தொடக்கத்தில் பற்றாக்குறையாக இருந்த அதே சாப்பாடு இப்போது சரிக்குச் சரியாகிவிட்டது.

இரண்டாவது, கொல்லைக்கு ஒரு காவலாள் இருக்கிறார். கொழுப்பு செல்கள் லெப்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன, அடுக்கு எவ்வளவு இருக்கிறது என்று மூளைக்குப் போகிற தகவல் அது. 1994இல் ஜெஃப்ரி ஃப்ரீட்மனின் ஆய்வகம் இதன் மரபணுவைக் கண்டுபிடித்தது. அடுக்கு குறைந்தால் லெப்டின் குறைகிறது, மூளை இதைப் பஞ்சம் என்று எடுத்துக்கொண்டு பசியைக் கூட்டுகிறது, செலவைக் குறைக்கிறது. நீங்கள் கல்யாணத்துக்குச் சட்டை பொருந்த வேண்டும் என்று செய்கிறீர்கள் என்பது அதற்குத் தெரியாது.

செலவைக் குறைப்பதில் பாதி நம் கண்ணுக்கே தெரியாமல் நடக்கிறது. 1999இல் ஜேம்ஸ் லெவைன் குழு 16 பேருக்கு எட்டு வாரம் தினமும் தேவையைவிட 1,000 கலோரி அதிகம் கொடுத்துப் பார்த்தது. ஒருவருக்கு ஏறிய கொழுப்பு அரை கிலோகூட இல்லை, இன்னொருவருக்கு 4 கிலோவைத் தாண்டியது. வித்தியாசத்தின் பெரும்பகுதி, பயிற்சி என்று பெயர் வைக்காத அசைவுகளில் இருந்தது: காலாட்டுவது, எழுந்து நடமாடுவது, நிமிர்ந்து உட்காருவது. சாப்பாட்டைக் குறைக்கும்போது இது தலைகீழாகும். தானே எழுந்து எடுத்த டம்ளரை "கொஞ்சம் எடுத்துக் கொடேன்" என்று கேட்கத் தொடங்குவோம். லிஃப்டுக்காக நிற்போம். சோம்பல் என்று திட்டுவார்கள், உடம்பு அதைச் சிக்கனம் என்று நினைத்துச் செய்கிறது. அடி எண்ணிக்கையைக் கவனிப்பதில் எனக்குத் தெரிந்த பெரிய பலன் இதுதான், காலையில் ஓடிவிட்டுப் பகல் முழுக்கச் சோபாவில் கிடப்பதை அது காட்டிக்கொடுத்துவிடும்.

குறைந்த எடையைத் தக்கவைப்பதில் உடற்பயிற்சியின் பங்கு பெரிது என்பதற்கு ஒரு நல்ல தடயம் இருக்கிறது. அமெரிக்காவில் ரீனா விங், ஜேம்ஸ் ஹில் இருவரும் 1994இல் ஒரு பதிவேடு தொடங்கினார்கள். குறைந்தது 13.6 கிலோ குறைத்து, அதை ஒரு வருடமாவது தக்கவைத்தவர்கள்தான் அதில் சேரலாம். அவர்களில் பத்தில் ஒன்பது பேர் தினமும் சராசரியாக ஒரு மணி நேரம் ஏதாவது உடற்பயிற்சி செய்கிறவர்கள். தானாக முன்வந்து சேர்ந்தவர்களின் பட்டியல் என்பதால் இதையே நிரூபணமாக எடுக்க முடியாது, ஆனாலும் யோசிக்க வைக்கிற எண்ணிக்கை.

பசிக்கும் அசைவுக்கும் உள்ள உறவு அதைவிடப் பழைய விஷயம். 1956இல் ழான் மேயர் குழு மேற்கு வங்கத்தில் ஒரு சணல் ஆலையின் தொழிலாளர்கள் 213 பேர் என்ன சாப்பிடுகிறார்கள், என்ன எடை இருக்கிறார்கள் என்று பார்த்தது. கடும் உழைப்பாளிகள் நிறையச் சாப்பிட்டார்கள், எடை ஏறவில்லை. நாற்காலியைவிட்டு எழாதவர்களோ ஓரளவு வேலை செய்கிறவர்களைவிட அதிகமாகச் சாப்பிட்டார்கள், எடையும் அதிகம். அசைவே இல்லாத உடம்பில் பசியின் அளவுகோல் கொஞ்சம் பழுதாகிவிடுகிறது என்று இதைப் படிக்கிறார்கள்.

## 'ஆரோக்கியமான உணவு' என்றால் என்ன

இந்தச் சொல்லை எல்லோரும் அவரவர் இஷ்டத்துக்குப் பயன்படுத்துகிறார்கள். எடை குறைப்பைப் பொறுத்தவரை என் விளக்கம் ஒரே வரி: கலோரி ஏறுவதற்கு முன்னால் வயிறு நிறைகிற உணவு. தண்ணீரும் நார்ச்சத்தும் நிறைந்த காய்கறி, பழம், பருப்பு வகைகள், மென்று தின்ன வேண்டியவை, புரதம் உள்ளவை. புரதத்துக்கு இன்னொரு சௌகரியம், அதைச் செரிக்கவே அதன் கலோரியில் 20 முதல் 30 சதவீதம் செலவாகிவிடும்.

இதற்கு எதிர்ப்பக்கம் மிகையாகப் பதப்படுத்திய உணவு. தொழிற்சாலையில் மாவு, எண்ணெய், சர்க்கரை, சுவையூட்டிகளைப் பிரித்துச் சேர்த்து, மெல்லாமலே உள்ளே போகிற மாதிரி செய்தவை. 2019இல் கெவின் ஹால் குழு 20 பேரை ஆய்வு மருத்துவமனையிலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் இந்த வகையும் இரண்டு வாரம் சாதாரணமாகச் சமைத்ததும் கொடுத்தது. இரண்டிலும் பரிமாறிய கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து சமம், எவ்வளவு சாப்பிடுவது என்பது அவரவர் விருப்பம். பதப்படுத்திய வாரங்களில் ஒரு நாளைக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள், சராசரியாக 0.9 கிலோ ஏறினார்கள். மற்ற இரண்டு வாரத்தில் அதே 0.9 கிலோ இறங்கினார்கள். யாரையும் யாரும் பட்டினி போடவில்லை.

'இயற்கையானது' என்ற முத்திரையை நம்பி ஏமாறுகிறவர்களும் உண்டு. 100 கிராம் பாதாமில் ஏறக்குறைய 580 கலோரி. நல்ல உணவுதான், ஆனால் டிவி பார்த்துக்கொண்டே கைப்பிடி கைப்பிடியாகப் போடுகிற உணவு இல்லை. தேனும் சர்க்கரைதான். மூன்று பழத்தைப் பிழிந்து ஒரே மடக்கில் குடிப்பதும் மூன்று பழத்தை உரித்துத் தின்பதும் வயிற்றுக்கு ஒன்றில்லை.

## சேர்த்துத் தொடங்குவது

ஒரு கிலோ உடம்புக் கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி இருக்கிறது. தினமும் 500 கலோரி பற்றாக்குறை என்றால் காகிதத்தில் வாரத்துக்கு அரை கிலோவை நெருங்கும். உண்மையில் போகப்போக மெதுவாகும், ஏன் என்று மேலே பார்த்தோம். இந்த 500இல் பெரும்பகுதியைச் சாப்பாட்டிலிருந்தும் கொஞ்சத்தை நடையிலிருந்தும் எடுப்பதுதான் வலிக்காத வழி. 1,000 பற்றாக்குறை என்று ஆரம்பித்தால் நாற்காலிகள் வேகமாக எரியும், காவலாள் சீக்கிரம் விழித்துக்கொள்வார்.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் பெரியவர்களுக்குச் சொன்ன அளவு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி, அதோடு இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி. மிதமான என்றால், பேச முடியும் ஆனால் பாட முடியாது என்கிற அளவு மூச்சு வாங்குவது. பெரிய எடைக் குறைப்பு இல்லாமலே இந்த அளவில் பலன் உண்டு. அமெரிக்காவில் 2002இல் முடிவு வெளியான ஓர் ஆய்வில், நீரிழிவின் விளிம்பில் இருந்த 3,234 பேரில் ஒரு பிரிவுக்கு வைத்த இலக்கு உடல் எடையில் 7 சதவீதம் குறைப்பதும் வாரம் 150 நிமிடம் நடப்பதும். அவர்களிடையே நீரிழிவு வந்தது, மருந்தே இல்லாத போலி மாத்திரை கொடுத்த பிரிவைவிட 58 சதவீதம் குறைவு. மெட்ஃபார்மின் மருந்து கொடுத்த பிரிவில் 31 சதவீதம்தான் குறைவு. 80 கிலோ ஆளுக்கு 7 சதவீதம் என்றால் ஐந்தரைக் கிலோ, அவ்வளவுதான்.

நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் சாப்பாட்டைக் குறைக்கும் முன் மருத்துவரிடம் பேச வேண்டும், மருந்து அளவு மாறாவிட்டால் சர்க்கரை தடாலென்று இறங்கும். கர்ப்பிணிகள், இதய நோய் உள்ளவர்கள், சாப்பாட்டோடு மனப் போராட்டம் நடத்தியவர்கள் எல்லோருக்கும் இதே வார்த்தைதான்.

இரண்டையும் முதல் நாளே முழு மூச்சில் தொடங்கி, பத்தாவது நாள் பட்டினியும் உடல்வலியும் சேர்ந்து ஆளைச் சாய்ப்பதைப் பலரிடம் பார்த்திருக்கிறேன். என்னைக் கேட்டால், முதல் வாரம் எழுதி வைப்பதும் தினமும் இருபது நிமிடம் நடப்பதும் மட்டும். இரண்டாம் வாரம் தட்டில் காயையும் புரதத்தையும் கூட்டி, குடிக்கிற சர்க்கரையை நிறுத்துவது. நான்காம் வாரம் வாக்கில் பளுப் பயிற்சி இரண்டு நாள்.

## மெஷின் மேல் ஏறும்போது

உடம்பின் தண்ணீர் ஒரே நாளில் ஒரு கிலோ மேலும் கீழும் ஆடும். உப்பு கொஞ்சம் தூக்கலாகிவிட்டால் ஆடும், மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் ஆடும். புதிதாகப் பளுப் பயிற்சி தொடங்கிய வாரத்தில் தசை தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், "ஜிம் போய் எடை ஏறிவிட்டது" என்ற புலம்பல் அப்படி வருவதுதான். தினமும் ஒரே நேரத்தில், காலையில் கழிப்பறை போய்வந்த பின் எடை பார்த்து, வாரத்துக்கு ஒரு சராசரி எடுத்து, இந்த வாரச் சராசரியைப் போன வாரத்தோடு ஒப்பிடுங்கள். கூடவே ஒரு டேப்பை எடுத்து மாதம் ஒரு முறை இடுப்பை அளந்து எழுதி வையுங்கள். எடை அசையாமல் இடுப்பு இரண்டு சென்டிமீட்டர் குறைந்திருந்தால் கொல்லை அடுக்கு குறைந்துகொண்டுதான் இருக்கிறது, எதையும் மாற்ற வேண்டாம். நான்கு வாரமாக எடைச் சராசரியும் அசையவில்லை, இடுப்பும் அசையவில்லை என்றால், நடையைக் கூட்டுவதற்கு முன் எண்ணெய்க் கரண்டியை மறுபடி ஒரு வாரம் அளந்து பாருங்கள்.